டீசல் எஞ்ஜினைக் காப்பாற்றுவது: சேலத்துல முதல்ல கூரையா, எஞ்ஜினா?

சூரமங்கலத்தான்

எல்லாருக்கும் வணக்கம். பிறந்து வளர்ந்தது சூரமங்கலம். இப்போ வேலை இங்கிலாந்தில், மிட்லாண்ட்ஸ் பக்கம். இங்கே ஒரு பாரம்பரிய ரயில்பாதையின் டீசல் ஷெட்டுக்குச் சனிக்கிழமைகளில் தன்னார்வலராகப் போகிறேன். ஊர் நண்பர்கள் போன் பண்ணும்போதெல்லாம் "அங்கே போய் என்னதான் செய்யறே?" என்று கேட்கிறார்கள். விவரமாக எழுதிவிடலாம் என்று இந்த இழை. கடைசியில் ஒரு கேள்வியும் இருக்கிறது.

நான் கை வைக்கிற எஞ்ஜின் கிளாஸ் 20. இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனியின் வடிவமைப்பு, 1957-லிருந்து 1968 வரை 228 கட்டினார்கள். எட்டு சிலிண்டர், 1000 குதிரைத்திறன். டிரைவர் இருக்கிற அறை (கேப்) ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு ஓரத்தில், முன்னால் நீண்ட மூக்கு. முதல் நாள் அதைப் பார்த்ததும் நம்ம இந்திய ரயில்வேயின் பழைய டீசல் எஞ்ஜின் வகைகளான டபிள்யூடிஎம்-2, ஒய்டிஎம்-4 ஞாபகம்தான் வந்தது. நீள மூக்கு முன்னால் போகும்போது டிரைவருக்குச் சிக்னல் தெரியாத அதே கஷ்டம் இங்கேயும் உண்டு. அதனால்தான் பெரும்பாலும் இரண்டு எஞ்ஜினை மூக்கோடு மூக்கு சேர்த்து ஓட்டினார்கள்.

வேலை என்றால் எல்லாரும் நினைப்பது எஞ்ஜினைக் கழற்றி மாட்டுவது. அது கொஞ்சம்தான். பெரும்பகுதி நேரம் துருவைச் சுரண்டுவதில் போகும். கூரைத் தகடு, கேப் தரை, ஜன்னல் ரப்பர், படிக்கட்டு. அப்புறம் ஒயரிங். அந்தக் காலத்து ரப்பர் உறை ஒயர் தொட்டாலே பொடியாக உதிரும். ஒவ்வொரு ஒயருக்கும் எண் போட்டு, வரைபடத்தோடு ஒத்துப் பார்த்து, புதிதாக இழுக்க வேண்டும். குளிர்காலம் வருமுன் தண்ணீரை முழுக்க வடித்துவிட வேண்டும். மறந்தால் ராத்திரி உறைந்து பிளாக்கே வெடித்துவிடும். பழைய டீசல் ரயில்கார் பெட்டிகளில் வேறு தொல்லை: சூடு தாங்க நீல ஆஸ்பெஸ்டாஸ் பூசியிருப்பார்கள். அதை நாங்கள் தொடவே கூடாது, அதற்கென்று உரிமம் உள்ளவர்கள் வந்து எடுத்த பிறகுதான் தன்னார்வலர் உள்ளே போகலாம்.

என்னோடு வேலை செய்பவர்களில் ஓய்வு பெற்ற டிரைவர் ஒருவர், வங்கி ஊழியர் ஒருவர், ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் இருக்கிறார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. பணம் சந்தாவிலிருந்தும், எஞ்ஜினில் பங்கு வாங்கியவர்களிடமிருந்தும், வருஷத்தில் சில நாள் டீசல் எஞ்ஜின்களை மட்டும் ஓட்டும் திருவிழாவிலிருந்தும் வருகிறது. ஓட்டுவதற்கு ஆசை மட்டும் போதாது. மருத்துவப் பரிசோதனை, விதிமுறைத் தேர்வு, அப்புறம் வருஷக்கணக்கில் உதவியாளராகக் கேப்பில் நிற்பது. பாரம்பரியப் பாதைகளில் வேக உச்சவரம்பு பொதுவாக மணிக்கு 25 மைல், அதாவது 40 கிலோமீட்டர். ஆனால் பயணி ஏறுகிற ரயில் என்பதால் அரசின் ரயில் பாதுகாப்பு அமைப்புக்கு முழுசாகப் பதில் சொல்ல வேண்டும்.

கேள்வி இதுதான். நம் பக்கத்தில் பாதைகள் மின்மயமாகிவிட்டன. டபிள்யூடிஎம்-2 மாதிரி ஆல்கோ வடிவமைப்பு டீசல் எஞ்ஜின்கள் பழைய இரும்புக்குப் போகின்றன. சேலத்தில் ஒன்றையாவது ஓடுகிற நிலையில் வைக்க முடியுமா?

எட்டாம்நாட்ச்

அண்ணா, இந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன்!

தெரியாதவங்களுக்காக: டபிள்யூடிஎம்-2 இந்தியாவுக்கு வந்தது 1962-ல். அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைப்பு. முதல்ல அங்கிருந்து வந்தது, 1964-லிருந்து வாரணாசியில டிஎல்டபிள்யூங்கற ரயில்வே டீசல் எஞ்ஜின் தொழிற்சாலையில் நாமே கட்டினோம். உள்ள இருக்கறது 251-ங்கற மாடல் 16 சிலிண்டர் எஞ்ஜின், 2600 குதிரைத்திறன், எடை 112 டன்னுக்கு மேல். ஆல்கோ கம்பெனி 1969-ல் மூடிட்டாங்க. அதுக்கப்புறமும் நம்ம ஊர்ல அந்த எஞ்ஜின் முப்பது வருஷம் புதுசா வந்துக்கிட்டே இருந்தது. நாட்டுல பாதி எக்ஸ்பிரஸ், பாதி சரக்கு அதுதான் இழுத்தது. லோக்கூர் - டேனிஷ்பேட்டை ஏத்தத்துல சரக்கு வண்டியோட அது ஏறுற சத்தம் கேட்டவங்களுக்குத் தெரியும்.

அதே 251 வகை எஞ்ஜின்தான் நாசாவின் கிராலர் வண்டியிலயும் இருக்கு. சாட்டர்ன் ராக்கெட்டையும் விண்வெளி ஓடத்தையும் ஏவுதளத்துக்குத் தூக்கிட்டுப் போன வண்டி. அதுல ரெண்டு 16 சிலிண்டர் ஆல்கோ, ஒவ்வொண்ணும் 2750 குதிரைத்திறன். பென்சில்வேனியாவில் ஸ்கிராண்டன் பக்கம் ஒரு தனியார் ரயில்வே இன்னைக்கும் ஆல்கோ வச்சே சரக்கு இழுக்குது. அவங்க வச்சிருக்காங்க, நாம மட்டும் ஏலத்துல விட்டு கேஸ் கட்டிங் பண்றோம்.

என் கருத்து: உடனே பணம் திரட்டி ஏலத்துல ஒண்ணு எடுக்கணும். மத்தது எல்லாம் அப்புறம். எஞ்ஜினை நிறுத்தற ஷெட்டுக்குக் கூரை என்னைக்கு வேணாலும் போடலாம். வெட்டின எஞ்ஜினை ஒட்ட முடியாது.

கொண்டப்பநாயக்கன்பட்டி

தம்பி, எடுத்து எங்கே நிறுத்துவீங்க? 112 டன். அஞ்சு ரோட்டுல நிறுத்த முடியுமா?

கோபத்துல கேக்கலை. நான் கணக்குப் பாக்குறவன். ஏலத்துல எடுக்குற விலை, கிரேன், ட்ரெயிலர், நிலம், தண்டவாளம், காவலுக்கு ஆள். இத்தனையும் முதல் நாளே வேணும். எஞ்ஜினுக்குள்ள இருக்கற செம்புக்கு இருக்கற விலைக்கு ஒரு வாரம் ஆள் இல்லாம விட்டா ஒயர் மிஞ்சாது. இன்னொண்ணு, ஏற்காட்டு மலைக்கு மேல வாழவந்திப் பக்கம் கிராமங்களுக்கு ஒழுங்கா பஸ் இல்லை. அப்படி இருக்கும்போது புகை விடற எஞ்ஜினுக்கு ஊர்ப் பணம் கேக்கறது சரியான்னு ஒருத்தர் கேட்டா என்ன சொல்லுவீங்க?

நீராவி எஞ்ஜின்னா சரி, ஜனம் வந்து பாக்கும். டீசலுக்கு யாரு வருவா?

குன்னூர்ப்_பாதை

டீசலுக்கு யார் வருவார் என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஊட்டி மலை ரயில் நம்ம சேலம் கோட்டத்துக்குள் வருகிறது. 2007 நவம்பர் முதல் தேதி கோட்டம் தொடங்கியதிலிருந்து அப்படித்தான். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பாதை. கல்லாரிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை, எக்ஸ் கிளாஸ் நீராவி எஞ்ஜின் பின்னாலிருந்து தள்ளும். குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு ஒய்டிஎம்-4 டீசல் மாட்டுவார்கள். அங்கிருந்து ஊட்டி வரை டீசல்தான். குன்னூர் - ஊட்டி இடையே மட்டும் ஓடும் வண்டிகளும் அதேதான். கூட்டத்துக்குக் குறைவில்லை.

ஒய்டிஎம்-4 டபிள்யூடிஎம்-2-வின் தம்பி. அதே 251 குடும்பம், ஆறு சிலிண்டர், 1400 குதிரைத்திறன், 1960-களில் வந்த வடிவமைப்பு. பெரிய பழுது என்றால் பொன்மலைக்குப் போகும். சேலம் டவுன், ஆத்தூர், சின்னசேலம் வழியாக விருத்தாசலம் போன மீட்டர்கேஜ் வண்டிகளையும் இதே வகை எஞ்ஜின்தான் இழுத்தது. 2007-ல் அந்தப் பாதை அகலப்பாதையானது.

ஆக, ஒரு பழைய ஆல்கோ டீசலை தினமும் பயணிகளோடு ஓட்டுகிற அனுபவம் நம்ம கோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அது ரயில்வே ஊழியர்கள் செய்கிற வேலை, தன்னார்வலர் வேலை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சூரமங்கலத்தான்

கொண்டப்பநாயக்கன்பட்டி அண்ணனின் கேள்விகளை இங்கே இருப்பவர்களும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறார்கள். நீராவிப் பிரியர்களில் நிறையப் பேருக்கு டீசல் மீது கோபமே உண்டு. தாங்கள் நேசித்த எஞ்ஜினை ஒழித்தது இதுதானே என்று. அந்தக் கோபம் தணியக் காலம் பிடித்தது. ஒரு நடைமுறைக் காரணமும் உதவியது: கோடை வறண்டு போனால் நீராவி எஞ்ஜினின் தீப்பொறி பட்டு ஓரத்துப் புல் பற்றிக்கொள்ளும். அந்த நாட்களில் நீராவியை நிறுத்திவிட்டு டீசலை மாட்டுவார்கள். டீசல் இல்லாத பாதை அன்றைக்கு வருமானத்தை இழக்கும்.

வரலாற்றில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. தன்னார்வலர்கள் ஒரு ரயில்பாதையைக் காப்பாற்றி ஓட்டியது உலகிலேயே முதலில் வேல்ஸில், டாலிலின் பாதை, 1951. அது குறும்பாதை. இங்கே வழக்கமான ஸ்டாண்டர்ட் கேஜ் அகலமுள்ள பாதையில் முதலில் செய்தது லீட்ஸ் நகரத்து மிடில்டன் பாதை, 1960 ஜூன். பல்கலைக்கழக மாணவர்கள் சேர்ந்து செய்த வேலை. அன்றைக்குப் பயணிகளை இழுத்தது நீராவி எஞ்ஜின் இல்லை, 1930-களில் லீட்ஸிலேயே ஹன்ஸ்லெட் கம்பெனி கட்டிய ஒரு சின்ன டீசல் ஷண்டர், அதாவது யார்டில் பெட்டிகளை நகர்த்தும் எஞ்ஜின். பின்னால் ஒரு பழைய மாடி டிராம் பெட்டி. அவ்வளவு சின்னதாகத்தான் தொடங்கினார்கள்.

எட்டாம்நாட்ச் தம்பிக்கு டெல்டிக் என்ற டீசல் எஞ்ஜின் வகையின் கதை சொல்ல வேண்டும். லண்டன் - எடின்பரோ விரைவு வண்டிகளுக்காக 1961, 62-ல் 22 எஞ்ஜின்கள் கட்டினார்கள். ஒவ்வொன்றிலும் நேப்பியர் கம்பெனியின் இரண்டு 18 சிலிண்டர் எஞ்ஜின், மொத்தம் 3300 குதிரைத்திறன். ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிஸ்டன் எதிரெதிராக ஓடும், மூன்று கிராங்க் ஷாஃப்ட் முக்கோணமாக இருக்கும். போர்ப் படகுக்காகப் பிறந்த வடிவம் அது. அதைச் சரிபார்க்கத் தெரிந்தவர்கள் ரயில்வேக்குள்ளேயே குறைவு. கடைசி டெல்டிக் ஓடியது 1982 ஜனவரி 2. ஆனால் அதைக் காப்பாற்றும் சங்கம் தொடங்கியது 1977-ல். எஞ்ஜின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஐந்து வருஷம் முன்னாலேயே பணம் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ரயில்வே விற்றபோது கையில் பணமும் இருந்தது, எந்த உதிரிப்பாகம் வேண்டும் என்ற பட்டியலும் இருந்தது. 22-ல் ஆறு எஞ்ஜின் இன்றைக்கும் இருக்கிறது, அதில் மூன்று அந்தச் சங்கத்துடையது. பேரோ ஹில் என்ற இடத்தில் அவர்களுக்குச் சொந்த ஷெட்டே இருக்கிறது.

அதனால் தம்பி, "உடனே எடுக்கணும்" என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. டபிள்யூடிஎம்-2-க்குத் தாமதமாகிவிட்டது. ஆனால் அதற்குப் பின்னால் வந்த டபிள்யூடிஜி-3ஏ, டபிள்யூடிஎம்-3டி எல்லாம் அதே 251 எஞ்ஜின் குடும்பம், இன்னும் ஓடுகிறது. அதற்கு இப்போதுதான் சரியான நேரம். எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் செய்யும் நேரம்.

எட்டாம்நாட்ச்

அண்ணா, டபிள்யூடிஜி-3ஏ வேற, டபிள்யூடிஎம்-2 வேற. 3ஏ-வில ஜெனரேட்டர் டிசி கிடையாது, ஆல்டர்னேட்டர். மூக்கு வேற, சத்தமும் கொஞ்சம் வேற. எங்க தாத்தா காலத்து வண்டின்னு சொல்ல முடியாது. ஒரு டபிள்யூடிஎம்-2 கூட ஓடுற நிலையில நம்ம பக்கம் இல்லாம போறது எனக்குத் தாங்கலை. அஞ்சு வருஷம் திட்டம் போட்டுக்கிட்டே இருந்தா மிச்சம் என்ன இருக்கும்?

மூணாம்_பிட்லைன்

வணக்கங்க. டீசல் ஷெட்டுல ஃபிட்டரா சேந்து சூப்பர்வைசரா ஓய்வு பெத்தவன். பேரன் இந்த இழையைக் காட்டினான், அவன்தான் தட்டச்சு பண்றான், நான் சொல்றேன்.

தம்பி எட்டாம்நாட்ச், உங்க ஆசை எனக்கும் இருக்கு. ஆனா வருஷக்கணக்கா வெயில்லயும் மழையிலயும் நின்ன 251-ஐ எப்படி எழுப்பறதுன்னு நீங்க தெரிஞ்சுக்கணும். அவசரப்பட்டு பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் பட்டனை அமுக்கினா அன்னைக்கோட அந்த எஞ்ஜின் முடிஞ்சுது.

முதல்ல பேட்டரி பக்கமே போகக் கூடாது. கிராங்க்கேஸ் கதவுகளைக் கழட்டி, விளக்கு அடிச்சுப் பாக்கணும். லைனர், அதாவது பிஸ்டன் ஓடற குழாய், அது அடியில துரு ஏறியிருக்கா, பேரிங் கேப்புல பச்சை பூத்திருக்கா. லூப் ஆயிலைக் கொஞ்சம் பாட்டில்ல பிடிச்சு வைக்கணும். பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி கலந்திருக்கு. அந்த எண்ணெய் ஒரு சொட்டு உள்ள இருக்கக் கூடாது.

அடுத்தது ஒவ்வொரு சிலிண்டர்லயும் அடைப்பைத் திறந்து வச்சுக்கிட்டு, கம்பியைப் போட்டு ஆளுங்க கையாலயே கிராங்க்கைச் சுத்தணும். முழுசா ரெண்டு சுத்து. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்ஜின், ரெண்டு சுத்து வந்தாத்தான் எல்லா சிலிண்டரும் ஒரு தடவை முழு வேலையும் முடிக்கும். எங்கயாவது தண்ணி நின்னிருந்தா அந்தத் திறப்பு வழியா வெளிய வரும். திறக்காம கிராங்க் பண்ணினா? தண்ணி அமுங்காது. கனெக்டிங் ராட் வளைஞ்சுடும். நான் ஒரு தடவை வளைஞ்ச ராடைக் கையில தூக்கிப் பாத்திருக்கேன், அந்தக் கனம் மறக்காது.

அப்புறம் தண்ணியை நிரப்பி ராத்திரி முழுக்க விட்டு வைக்கணும். காலையில லைனர் ரப்பர் ரிங்கு கசியுதா, சிலிண்டர் ஹெட்டு கசியுதான்னு பாக்கணும். நாள்பட நின்ன எஞ்ஜின்ல ரப்பர் எல்லாம் கல்லா இறுகிப் போயிருக்கும். பதினாறு சிலிண்டருக்கும் மாத்தறதுன்னா ஹெட்டு, பிஸ்டன், லைனர் எல்லாத்தையும் தூக்கணும். தூக்கறதுக்கு மேல கிரேன் வேணும். கிரேனுக்கு மேல கூரை வேணும். கொண்டப்பநாயக்கன்பட்டி சொன்னது இங்கதான் வருது.

ஃபியூயல் ரேக் ரொம்ப முக்கியம். இதை எல்லாரும் கவனமா கேளுங்க. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி பம்பு, ஒவ்வொரு பம்புக்கும் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கற கம்பி ஒண்ணு, அதுதான் ரேக்கு. எல்லாத்தையும் வேகத்தைக் கட்டுப்படுத்தற கவர்னர் இழுக்கும். நின்ன எஞ்ஜின்ல ரேக்கு பிசின் பிடிச்சு ஒட்டிக்கும். திறந்த நிலையில ஒட்டிக்கிட்டு இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணிட்டா கவர்னர் சொல்றதைக் கேக்காது, வேகம் ஏறிக்கிட்டே போகும். வேகம் மீறினா எஞ்ஜினை நிறுத்தற ஓவர்ஸ்பீடு ட்ரிப்பும் வேலை செய்யலைன்னா பக்கத்துல நிக்கறவங்க உயிருக்கே ஆபத்து. ஒவ்வொரு ரேக்கையும் விரலால தள்ளிப் பாக்கணும், தானா வழுக்கி வரணும். ட்ரிப்பைத் தனியா சோதிக்காம யாரும் ஸ்டார்ட்டுக்குப் போகக் கூடாது.

பேரிங்குக்கு எண்ணெய். எஞ்ஜின் ஓடினாத்தான் அதோட ஆயில் பம்பு ஓடும். ஆனா முதல் சுத்துலயே பேரிங் காஞ்சு கிடக்குமே? வெளியில இருந்து ஒரு பம்பு வச்சு, எல்லா பேரிங்குலயும் எண்ணெய் சொட்டறது கண்ணால தெரியற வரைக்கும் ஓட்டணும்.

மின்சாரப் பக்கம் இன்சுலேஷனை மெக்கர்ங்கற மீட்டர் வச்சு அளக்கணும். மெயின் ஜெனரேட்டர், ஆறு ட்ராக்‌ஷன் மோட்டார். மழையில நின்னதுல ஈரம் ஏறி இன்சுலேஷன் படுத்திருக்கும். சூடான காத்தடிச்சு நாள் கணக்குல உலத்தணும். கார்பன் பிரஷ் எல்லாம் பாக்கணும், கம்யூட்டேட்டர்ல மைக்கா மேல எழும்பியிருந்தா வெட்டி இறக்கணும்.

இத்தனைக்கும் அப்புறம்தான் பேட்டரி. டபிள்யூடிஎம்-2-ல மெயின் ஜெனரேட்டரே மோட்டாரா மாறி எஞ்ஜினைச் சுத்தும். ஓடினதும் கொஞ்ச நேரத்துல நிறுத்திடணும். நிறுத்தினதும் ஆர்வத்துல கிராங்க்கேஸ் கதவைத் திறக்காதீங்க. உள்ள எண்ணெய்ப் புகை சூடா நிக்கும், காத்து பட்டா வெடிக்கும். நல்லா ஆறினப்புறம் திறந்து, பேரிங்கை ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்து, எது மத்ததைவிடச் சுடுதுன்னு குறிச்சு வைக்கணும்.

இதெல்லாம் புஸ்தகத்துல இருக்கு. ஆனா ரேக்கு வழுக்கறது எவ்வளவு இருக்கணும், பேரிங்குச் சூடு எவ்வளவு சரி, எஞ்ஜினை நிறுத்தினப்புறம் டர்போ எத்தனை நேரம் சுத்தி நிக்கணும், இதெல்லாம் கைக்கும் காதுக்கும் மட்டும்தான் தெரியும். என்னோட வேலை பாத்தவங்க பல பேர் போயிட்டாங்க. எஞ்ஜினை வாங்கறதுக்கு முன்னாடி எங்களை வாங்கிக்குங்க. காசு வேண்டாம், வந்து உக்காந்து கத்துக்கிட்டா போதும்.

எட்டாம்நாட்ச்

ஐயா, இதை ரெண்டு தடவை படிச்சேன். ரேக் ஒட்டினா என்ன ஆகும்னு எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கத்துக்க வர்றேன். எங்க வரணும்னு மட்டும் சொல்லுங்க.

சூரமங்கலத்தான்

ஐயா சொன்னதில் ஒவ்வொரு படியும் இங்கே எழுத்தில் இருக்கிறது, ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த படி. ஆனால் ஐயா சொன்ன கடைசி விஷயம் இங்கேயும் பெரிய கவலை. பிரிட்டிஷ் ரயில்வேயில் வேலை பார்த்து இந்த எஞ்ஜின்களைத் தொட்டவர்களுக்கு வயதாகிவிட்டது. இளைஞர்கள் சேராத சங்கங்களில் எஞ்ஜின் இருக்கும், அதைத் தொடத் தெரிந்தவர் இருக்க மாட்டார். பூட்டி வைத்திருப்பார்கள்.

கூரை விஷயத்தையும் சொல்கிறேன். வெளியே நிற்கிற எஞ்ஜினை நாங்கள் ஒரு பக்கம் சரி செய்தால் மறுபக்கம் மழை தின்னும். புதுப்பித்த பெயிண்ட் சில வருஷத்தில் கொப்பளிக்கும், திரும்ப முதலிலிருந்து. இங்கே செவர்ன் வேலி என்ற பாரம்பரியப் பாதைக்காரர்கள் கிட்டர்மின்ஸ்டரில் டீசலுக்கென்றே ஒரு ஷெட் கட்டி 2016-ல் திறந்தார்கள். அதற்குமுன் அங்கே வருஷக்கணக்கில் திறந்த வெளியில் வேலை பார்த்தவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது கேட்க வேண்டும்.

உதிரிப்பாகத்தில் மட்டும் நம்மவர்களுக்குப் பெரிய வசதி. நீராவி எஞ்ஜினுக்குப் பாகம் வார்க்கலாம், கடையலாம், கொதிகலனே புதிதாகச் செய்யலாம். டீசலுக்கு டர்போ, இன்ஜெக்டர், கவர்னர் எல்லாம் நுணுக்கமான வேலை. இங்கே பல சங்கங்கள் ஒரு எஞ்ஜினை ஓட்ட இன்னொரு எஞ்ஜினையே வாங்கிப் பாகத்துக்காக வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் 2,000-க்கும் மேல் டபிள்யூடிஎம்-2 கட்டியிருக்கிறோம். அந்த அளவுக்கு 251 பாகங்களைப் பார்த்த ஊர் உலகில் வேறு எது இருக்கிறது?

லேத்_பட்டறை

நான் ஜாகீர் அம்மாபாளையம் பக்கம் லேத் வச்சிருக்கேன். புஷ், ஷாஃப்ட், பின், ஃபிளேஞ்சு எல்லாம் கடைஞ்சு தர்றேன். இன்ஜெக்டர் நாஸில் என் வேலை இல்லை. ஆனா சங்ககிரி, நாமக்கல் லாரிங்க எல்லாம் பம்ப் காலிபரேஷனுக்கு வர்ற கடைங்க நம்ம ஊர்ல எத்தனை! அவங்ககிட்ட கேக்கலாமே?

மூணாம்_பிட்லைன்

லாரி பம்பு ஒரே கட்டையில எல்லா சிலிண்டருக்கும் சேத்து இருக்கும். ஆல்கோ பம்பு தனித்தனி, அளவும் பெருசு. லாரிக் கடை பெஞ்சுல அப்படியே உக்காராது, அதுக்கு ஒரு பிடிமானம் செய்யணும். நாஸில் சோதிக்கற கைப் பம்பு அவங்ககிட்ட இருக்கும், அது உதவும். நல்ல யோசனை தம்பி, விட வேண்டாம்.

ஏற்காட்டு_டீச்சர்

மலைமேல் ஒரு பள்ளியில் வரலாறு சொல்லிக் கொடுக்கிறேன். எனக்கு எஞ்ஜின் தெரியாது, பதிவு செய்வது தெரியும். பழைய காப்பித் தோட்டத் தொழிலாளர்களின் நினைவுகளை மாணவர்களை வைத்துப் பதிவு செய்திருக்கிறோம்.

ஐயா சொன்னதைப் படித்ததும் தோன்றியது: எஞ்ஜின் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஓய்வு பெற்ற ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டிரைவர், ஷெட்டில் வேலை பார்த்த பெண்கள், எல்லாரையும் ஒரு கருவி அல்லது ஒரு பாகத்தைக் கையில் கொடுத்துப் பேச வைக்கலாம். நாற்காலியில் உட்கார வைத்து "அந்தக் காலம் எப்படி இருந்தது" என்று கேட்டால் பொதுவாகத்தான் சொல்வார்கள். ஒரு பிஸ்டன் ரிங்கைக் கையில் கொடுத்தால் விரல் தானே வேலை செய்யும், அப்போது வருகிற பேச்சு வேறு. வீடியோவில் கையும் தெரிய வேண்டும்.

கொண்டப்பநாயக்கன்பட்டி அண்ணா, நீங்கள் சொன்ன பஸ் விஷயத்தில் நானும் உங்கள் பக்கம். எங்கள் பிள்ளைகள் அதில் தினமும் கஷ்டப்படுகிறார்கள். அதனால் இதற்கு அரசுப் பணம் கேட்கக் கூடாது என்பதே என் எண்ணமும். விருப்பப்பட்டவர்கள் போடுகிற பணத்தில் நடக்கட்டும்.

கொண்டப்பநாயக்கன்பட்டி

டீச்சரம்மா சொன்னது நியாயம். அரசுப் பணம் இல்லைன்னா எனக்கு ஆட்சேபணை பாதி குறைஞ்சுது. மீதிப் பாதி இதுதான்: இந்தியன் ரயில்வே பாதையில வெளி ஆள் எஞ்ஜின் ஓட்ட முடியாது. ஊட்டி, டார்ஜிலிங், சிம்லா எல்லாம் ரயில்வேயே ஓட்டுது. இங்கிலாந்துல சங்கம் பாதையையே வாங்கிக்கிது. நமக்கு அந்த வழி கிடையாது. அப்ப "ஓடுகிற நிலை"ன்னா என்ன அர்த்தம்? எங்க ஓடும்?

சூரமங்கலத்தான்

முக்கியமான கேள்வி அண்ணா. என் பதில்: முதல் கட்டத்தில் எங்கும் ஓட வேண்டாம். எஞ்ஜின் ஸ்டார்ட் ஆக வேண்டும், நின்ற இடத்திலேயே மின்சாரச் சுமை கொடுத்துச் சோதிக்கிற லோட் பாக்ஸில் மாட்டினால் எட்டாம் நாட்ச், அதாவது முழு சக்தி, வரை இழுக்க வேண்டும், அதைச் செய்யத் தெரிந்த இளைஞர்கள் இருக்க வேண்டும். ஸ்டேஷன் வாசலில் பெயிண்ட் அடித்து நிறுத்திய எஞ்ஜினுக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். அங்கே உள்ளே கதவைத் திறந்தால் குப்பைதான் இருக்கும்.

அதற்கும் முன்னால், மிடில்டன்காரர்கள் போல ஒரு சின்ன ஷண்டர். ஆலைகளின் தனிப் பாதைகளில் ஓடிய சின்ன டீசல் எஞ்ஜின்கள் ஏலத்துக்கு வருவதுண்டு. ட்ரெயிலரில் ஏற்றலாம், ஒரு தகரக் கொட்டகைக்குள் அடங்கும், கொஞ்ச நீளத் தண்டவாளம் போதும். தவறு செய்து கற்றுக்கொள்ள 112 டன் எஞ்ஜின் வேண்டாம்.

ரயில்வேயோடு சேர்ந்து செய்வதும் நடக்காத காரியம் இல்லை. 1855-ல் கட்டிய இஐஆர் 21 நீராவி எஞ்ஜினை 2010-ல் பெரம்பூர் தொழிற்சாலையில்தான் மறுபடி ஓட வைத்தார்கள். திறமையும் மனசும் உள்ளே இருக்கிறது. வெளியே இருந்து கூட நிற்கத் தெரிந்த குழு வேண்டும், அவ்வளவுதான். வேலை தெரிந்த குழு போய்க் கேட்டால் ஒரு அதிகாரி கேட்பார். ரசிகர் மன்றமாகப் போனால் போட்டோ எடுத்துக்கொள்ள விடுவார்.

மலைநாட்டான்

இடையில் ஒரு தகவல். நான் ஹட்டன் பக்கம். எங்கள் இலங்கையில் எம்2 என்று ஒரு வகை, கொழும்புத் திட்டத்தில் கனடா அன்பளிப்பாகக் கொடுத்தது, முதல் எஞ்ஜின்கள் 1954-ல் வந்தவை. அல்பர்ட்டா, சஸ்கட்சுவான் என்று கனடிய மாகாணப் பெயர்கள். எழுபது வருடம் தாண்டியும் ரயில்வே அவற்றை வேலைக்கே வைத்திருக்கிறது. அவை மலைப்பாதையில் ஏறி வரும்போது சனம் வீட்டு வாசலுக்கு வந்து பார்க்கும். கொண்டப்பநாயக்கன்பட்டி ஐயாவின் "டீசலுக்கு யார் வருவார்" என்ற கேள்விக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எட்டாம்நாட்ச்

யோசிச்சுப் பாத்தேன். டபிள்யூடிஎம்-2 ஆசையை நான் விடமாட்டேன், அது தனியா இருக்கட்டும். ஏலப் பட்டியலை நான் தொடர்ந்து பாத்துக்கிட்டு வர்றேன். பெரிய எஞ்ஜின் மட்டும் இல்லை, சின்ன ஷண்டர், தனிப் பாகம், பழைய பராமரிப்புப் புத்தகம் எது வந்தாலும் இங்க போடறேன். ஒரு பிஸ்டன், ஒரு லைனர், ஒரு ஃபியூயல் பம்பு கிடைச்சாக்கூட ஐயா பாடத்துக்கு ஆகும் இல்லையா?

மூணாம்_பிட்லைன்

ஆகும் தம்பி. பம்பு ஒண்ணு கிடைச்சா முதல் பாடத்தையே அதுல வச்சுக்கலாம். ரேக்கு.

லேத்_பட்டறை

ஞாயித்துக்கிழமை பட்டறை சும்மாதான் இருக்கும். பத்துப் பதினஞ்சு பேர் உக்காரலாம். ஒரு டன் தூக்கற செயின் பிளாக் இருக்கு, மூணு ஃபேஸ் கரண்ட் இருக்கு. சூரமங்கலம் ஸ்டேஷன்ல இறங்கினா ஷேர் ஆட்டோ. கூரையும் இருக்கு, மழைக்கு ஒழுகாது.

ஏற்காட்டு_டீச்சர்

நான் கேமராவும் மைக்கும் கொண்டுவருகிறேன். பதினொன்றாம் வகுப்பு மாணவிகள் சிலர் வர ஆசைப்படுகிறார்கள், பெற்றோர் அனுமதியோடு அழைத்து வருவேன். மலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால் ஒன்பதரைக்குள் வந்துவிடலாம். பத்து மணிக்குத் தொடங்கலாமா?

கொண்டப்பநாயக்கன்பட்டி

நானும் வர்றேன். வரவு செலவு நோட்டு என்கிட்ட இருக்கட்டும். யாரு எவ்வளவு போட்டாலும், பத்து ரூபாயா இருந்தாலும், எழுதி இந்த இழையிலேயே மாசா மாசம் போடுவேன். வங்கிக் கணக்கு திறக்கற வரைக்கும் யாரும் யாருக்கும் பணம் அனுப்ப வேண்டாம். பட்டறைக்காரரே, ஒரு சின்ன ஷண்டர் வந்தா உங்க இடத்துல வாசல் அகலம், உயரம் எவ்வளவுன்னு டேப்பு வச்சு அளக்கணும். தரை எவ்வளவு கனம் தாங்கும்னும் பாக்கணும்.

மூணாம்_பிட்லைன்

பத்து மணி சரி. வர்றவங்க காட்டன் சட்டை போட்டுக்கிட்டு வாங்க, நைலான் வேண்டாம், மோதிரம் வாட்ச்சைக் கழட்டிட்டு வாங்க. எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டாத நோட்டு ஆளுக்கு ஒண்ணு. என்னோட வேலை பாத்த எலக்ட்ரிக்கல் ஆளு ஒருத்தர் ஆத்தூர்ல இருக்கார், அவரையும் கூட்டிட்டு வர்றேன். இன்சுலேஷன் அளக்கறதை அவர்தான் காட்டணும். பழைய மோட்டார் ஒண்ணு பட்டறையில இருக்கும்னு நினைக்கிறேன், அதை வச்சே காட்டிடலாம். யார்கிட்டயாவது மெக்கர் இருக்கா?

லேத்_பட்டறை

பழைய மூணு ஃபேஸ் மோட்டார் ரெண்டு கிடக்கு, ஒண்ணு தண்ணியில நனைஞ்சது. மெக்கர் பக்கத்து ரீவைண்டிங் கடையில இருக்கு, 500 வோல்ட். போதுமா ஐயா?

மூணாம்_பிட்லைன்

அந்த மோட்டாருக்குப் போதும். நனைஞ்சதைத் துடைக்காம, உலத்தாம அப்படியே வைங்க.